குவாங்ஜுவில் ஹிட்டிங்க் பெயரில் ஓர் அரங்கம்

சியோலின் யோங்சான் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் குவாங்ஜுவுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். இறங்கியதும் டாக்ஸி பிடித்து, "வேர்ல்ட் கப் ஸ்டேடியம்" என்றேன். ஓட்டுநர் பெரியவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ஹிட்டிங்க்?" என்றார். தலையாட்டினேன். அப்புறம் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். எனக்குப் புரிந்தது வீரர்களின் பெயர்கள் மட்டும்தான்.

கூஸ் ஹிட்டிங்க் நெதர்லாந்துக்காரர். கால்பந்து ஆடிய காலத்தில் பெரிய நட்சத்திரம் இல்லை. பயிற்சியாளராகி, 1988இல் பிஎஸ்வி ஐந்தோவன் கிளப்புக்கு ஐரோப்பியக் கோப்பையை வாங்கித் தந்தார். 1998 உலகக்கோப்பையில் அவருடைய நெதர்லாந்து, கொரியாவை 5-0 என்று துவைத்து எடுத்தது. அதே கொரியா 2001இல் அவரையே பயிற்சியாளராக்கியது.

முதல் வருஷம் சோதனைதான். பிரான்ஸிடம் 5-0, செக் குடியரசிடமும் 5-0. பத்திரிகைகள் 'ஓ தே-யங்' என்று பட்டப்பெயர் வைத்தன. கொரிய மொழியில் 'ஐந்துக்குப் பூஜ்யம்' என்று பொருள்; கேட்டால் ஓர் ஆளின் பெயர் மாதிரியே இருக்கும்.

அவர் செய்ததிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று உண்டு. கொரியாவில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். 'ஹ்யுங்', அதாவது அண்ணன். சாப்பாட்டு மேசையிலும் மூத்தவர்கள் தனி, இளையவர்கள் தனி. களத்தில் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், கலந்து உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும் என்றார் ஹிட்டிங்க். 'அண்ணா' என்றே கூப்பிட்டு வளர்ந்த நமக்கு, அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

அரங்கத்தின் வெளிக்கதவுக் கம்பிகளைப் பிடித்தபடி ரொம்ப நேரம் நின்றேன். 2002 ஜூன் 22, உலகக்கோப்பையில் ஸ்பெயினுடன் காலிறுதி இங்கேதான். ஸ்பெயினின் இரண்டு கோல்களை நடுவர்கள் மறுத்தது இன்றும் ஆறாத விவாதம். ஸ்பெயின்காரர்களின் வருத்தம் நியாயமானது. கூடுதல் நேரத்திலும் 0-0. பெனால்டியில் கொரியாவின் இரண்டாவது உதையை 21 வயது பார்க் ஜி-சுங் அடித்தார். ஸ்பெயினின் நான்காவது உதையை, ஹோவாக்கின் அடித்ததை, கொரிய கோல்கீப்பர் லீ வூன்-ஜே தடுத்தார். கடைசியாகப் பந்தை வைத்தவர் தன் நான்காவது உலகக்கோப்பையை ஆடிக்கொண்டிருந்த கேப்டன் ஹாங் மியுங்-போ. அடித்தார். 5-3. ஆசிய அணி ஒன்று முதல்முறையாக உலகக்கோப்பை அரையிறுதிக்குப் போனது.

திரும்பும்போது சோங்ஜியோங் நிலையத்துக்குப் பக்கத்தில் தொக்கல்பி சாப்பிட்டேன். கொத்துக்கறியைத் தட்டையாகத் தட்டி, கரியில் சுட்டுத் தருகிறார்கள். கடைக்கார அம்மாவிடம் போனில் அரங்கத்தின் படத்தைக் காட்டினேன். கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார், அப்புறம் மூன்று.