முடி ஈழத்தில், மண் சோழரிடம், உரிமை அண்ணாச்சியிடம்

நான் மின்னஞ்சலில் நடத்திய நாடு பிடிக்கும் ஆட்டத்தில், மூன்றாம் ஆண்டின் முடிவுகளை ஏழு பேருக்கும் அனுப்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, பாண்டியரை ஆடியவரிடமிருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. "யம்மா, மதுரை போச்சு. நெல்லும் இல்ல, படையும் இல்ல. இனி ஞாயித்துக்கெழம ஒங்களுக்கு நான் என்னத்த எழுதி அனுப்ப? வேற ஆள் யாராச்சும் இருந்தா சேத்துக்கிடுங்க."

எழுதியவர் திருநெல்வேலிக்காரர். அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்து மூன்று. எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதே மாதிரி ஒரு கடிதத்தில்தான் நான் நடத்திய முதல் ஆட்டம் செத்துப்போனது.

அந்த முதல் ஆட்டம் டிப்ளமசி. ஆலன் கேலமர் என்ற அமெரிக்கர் 1954-இல் உருவாக்கி, 1959-இல் சொந்தக் காசில் ஐந்நூறு பிரதிகள் அச்சிட்டு விற்ற பலகை ஆட்டம். 1901-ஆம் ஆண்டின் ஐரோப்பா, ஏழு வல்லரசுகள், வரைபடத்தில் 34 மையங்கள், 18-ஐப் பிடித்தவர் வென்றவர். பகடையே கிடையாது. எல்லோரும் தங்கள் படை எங்கே போகிறது என்று தாளில் எழுதித் தருவார்கள், ஒரே நேரத்தில் பிரித்துப் படிக்க வேண்டும். அதற்கு முன்னால் யாரோடு யார் என்ன பேசினார்கள், எந்த வாக்கு நிஜம் என்பதில்தான் மொத்த ஆட்டமும் இருக்கிறது. எழுதித் தருவதுதான் என்பதால் 1963-இலிருந்தே அமெரிக்காவில் இதைத் தபாலில் ஆடத் தொடங்கிவிட்டார்கள். ஊரடங்குக் காலத்தில் நான் அதை மின்னஞ்சலில் நடத்தினேன்.

நான்கு மாதம் நன்றாகப் போனது. ஆஸ்திரியா அழிந்தது, அதை ஆடிய தோழி விடைபெற்றாள். அடுத்து துருக்கி. இத்தாலிக்கு இரண்டே மையங்கள் மிஞ்சியதும் அவரிடமிருந்து கட்டளை வருவது நின்றது. தபால் ஆட்டக்காரர்கள் இதை என்.எம்.ஆர். என்பார்கள்: கட்டளை வரவில்லை, படை நின்ற இடத்திலேயே நிற்கும். இரண்டு வாரம் தொடர்ந்து என்.எம்.ஆர். என்று எழுதியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. தோற்றவர்கள் போன பிறகு ஜெயிப்பவர்களுக்குப் பேச ஆள் இல்லை. ஆறாவது மாதத்தில் யாரும் முடித்துவைக்காமலே அது முடிந்தது.

அதன் பிறகுதான் சொந்தமாக ஒன்று செய்வோம் என்று உட்கார்ந்தேன். நாடு பிடிப்பது மட்டும் போதாது, நாட்டை நடத்தவும் வேண்டும். ஐரோப்பாவை விட்டுவிட்டு நான் வளர்ந்த மண்ணையே எடுத்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் காட்டுமன்னார்கோயில் பக்கம். வீராணம் ஏரிப் பாசனம். பராந்தக சோழனுக்கு வீரநாராயணன் என்று ஒரு பட்டம். அந்தப் பெயர்தான் தேய்ந்து வீராணம் ஆனது. கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாற்றில் வரும் தண்ணீரை வாங்கி வைத்துக்கொண்டு, வயலுக்கும் கொடுத்து, இப்போது நான் குடியிருக்கும் சென்னைக்கும் குடிக்கக் கொடுக்கிறது. அப்பா அங்கே லஸ்கர். மதகைத் திறப்பதும் மூடுவதும் அவர் வேலை. சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து அவரோடு கரை நெடுகப் போயிருக்கிறேன். இந்த ஆட்டத்தில் ஏரி இருப்பதற்கு அவர்தான் காரணம். அதைப் பற்றி வருகிறேன்.

தொடக்க ஆண்டு 950. அதற்கு முந்தைய ஆண்டில்தான் தக்கோலப் போர். பராந்தகனின் மகன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே போரில் இறந்தான். கொன்றவன் கங்க மன்னன் பூதுகன். அவன் தலைவன், தக்காணத்தை ஆண்ட இராட்டிரகூட மூன்றாம் கிருஷ்ணன், அதற்குப் பரிசாகப் பனவாசி 12,000 என்ற நாட்டைக் கொடுத்தான். இதைச் சொல்லும் ஆத்தகூர் கல்வெட்டில், ஒரு காட்டுப்பன்றியோடு மோதி இறந்த காளி என்ற வேட்டைநாய்க்கும் இடம் இருக்கிறது. கங்க நாட்டை ஆடிய பெங்களூர்க்காரர் அந்தக் கல்லை அருங்காட்சியகத்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தன் முதல் படைக்குக் காளி என்றே பெயர் வைத்தார். எனக்கு அப்போதே தெம்பு வந்துவிட்டது. பெயர் வைப்பவர்கள் பாதியில் போக மாட்டார்கள்.

ஆக, தோற்றுப்போன சோழ நாடு, தொண்டை மண்டலம் வரை வந்து நிற்கும் இராட்டிரகூடர், கங்கர், ஆந்திரக் கரையோர வேங்கி, சேரர், பாண்டியர், ஈழம். ஏழு நாடு. ஆட்டத்தில் ஓர் ஆண்டு என்பது நிஜத்தில் இரண்டு வாரம். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குள் எனக்கு 'ஓலை' வந்துவிட வேண்டும். நெல் வருமானம் எவ்வளவு, அதில் படைக்கு எவ்வளவு, ஏரிக்கு எவ்வளவு, குதிரை வாங்க எவ்வளவு, படை எங்கே போகிறது. திங்கள் இரவு கணக்குப் போடுவேன், செவ்வாய் இரவு முடிவு போகும். இந்தக் கிழமைகளை ஒருமுறைகூட நான் மாற்றியதில்லை. காய்ச்சலோடு படுத்திருந்த வாரத்திலும் செவ்வாய் இரவு முடிவு போனது. நடத்துபவர் ஒருமுறை தள்ளிப்போட்டால் ஆடுபவர் இரண்டுமுறை தள்ளிப்போடுவார் என்பதை முதல் ஆட்டத்தில் பார்த்திருந்தேன்.

இனி முடியைப் பற்றி.

பராந்தகன் மதுரையைப் பிடித்தபோது பாண்டியன் இராசசிம்மன் ஈழத்துக்கு ஓடினான். அங்கே உதவி கிடைக்கவில்லை. பரம்பரை முடியையும் மற்ற அரசச் சின்னங்களையும் ஈழத்து மன்னனிடம் ஒப்படைத்துவிட்டுத் தாய்வழிச் சொந்தம் இருந்த சேர நாட்டுக்குப் போய்விட்டான். மதுரையில் முறைப்படி முடிசூட வேண்டும் என்று பராந்தகன் அந்த முடியைக் கேட்டான், கிடைக்கவில்லை. படை அனுப்பினான், ஈழத்து மன்னன் முடியோடு தெற்கே உரோகணத்துக்குப் போய்விட்டான். ஏறக்குறைய எழுபதாண்டுக்குப் பின் இராசேந்திரன்தான் அதை எடுத்து வந்தான். இதை முதலில் படித்தபோது, மண் இல்லாதவன் கையில் என்ன மிச்சம் இருக்கும் என்ற என் கேள்விக்கு விடை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இங்கே இருந்திருக்கிறது என்று தோன்றியது.

அப்படி வந்ததுதான் விதி 14. மதுரையை யார் பிடித்தாலும் ஆண்டுக்கு இருபது பங்கு நெல் காவலுக்குப் போகும். மக்கள் இன்னும் ஏற்கவில்லை. முடி கையில் இருந்தால் அது பத்தாகக் குறையும். பாண்டியரே எழுத்தில் உரிமையை விட்டுக்கொடுத்தால்தான் செலவே இல்லாமல் போகும். தொடக்கத்தில் முடி ஈழத்தில் இருக்கும். எல்லோருக்கும் கொடுத்த விதித்தாளில் இது இருந்தது. யாரும் கவனிக்கவில்லை, அண்ணாச்சி உட்பட.

அன்று இரவு அவருக்கு நான் எழுதியது இவ்வளவுதான்: "அண்ணாச்சி, நீங்க போனா விதிப்படி உரிமையும் போயிடும். விதி 14-ஐ ஒரு தடவை படிச்சிட்டுச் சொல்லுங்க." நடத்துபவர் ஒருவருக்கு மட்டும் யோசனை சொல்லக் கூடாது என்பதால், விதி 14-ஐப் படிக்கும்படி மற்ற ஆறு பேருக்கும் தனித்தனியாக எழுதினேன். மறுநாள் காலை ஐந்தரைக்குப் பதில் வந்தது. "இருக்கேன் யம்மா."

ஈழத்தை ஆடியவள் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை. அவர்கள் இருவரும் எழுதிக்கொண்ட எல்லாவற்றுக்கும் எனக்கு நகல் வரும். அவள் கேட்டாள்: "ஐயா, முடி எங்களிட்டப் பத்திரமா இருக்கு. ஆனா அதுக்குக் காவல் போடுற செலவை நீங்கள் எப்பிடித் தரப்போறியள்?" அதற்கு அண்ணாச்சி: "தாயி, கையில நெல்லு கெடையாது. வாய்தான் இருக்கு. யாருகிட்டப் போயி என்ன பேசணும்னு சொல்லு, பேசிட்டு வாரேன்."

அடுத்த ஐந்து ஆண்டு, நிஜத்தில் பத்து வாரம், ஒரு சாண் நிலம் இல்லாத மனிதர்தான் இந்த ஆட்டத்திலேயே அதிகக் கடிதம் எழுதினார். வேங்கிக்கு நடையாய் நடந்தார். சேரரிடம் பழைய தாய்வழி உறவைச் சொல்லி மலைப் பாதையில் யானை வாங்கினார். கங்கர் வழியாக இராட்டிரகூடருக்குத் தூது போய், ஒன்பதாம் ஆண்டு அவர்கள் படையைக் காஞ்சிக்குக் கீழே இறங்க வைத்தார். சோழருக்கு மதுரைப் படையைத் திருப்பி அழைப்பதைத் தவிர வழியில்லை. காலியான மதுரைக்குள் அண்ணாச்சி நான்கு யானையோடு போனார். அந்தச் செவ்வாய்க்கிழமை முடிவை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. முடி மட்டும் வரவில்லை. அந்தப் பிள்ளை அதற்குக் கொற்கை முத்துக்குளிப்பில் மூன்றில் ஒரு பங்கு கேட்டாள், அவர் நாலில் ஒன்றுக்கு மேல் ஏறவே இல்லை.

இனி என் தவறு. இதைச் சொல்லாமல் மேலே எழுதியதை மட்டும் விட்டால் நேர்மையாக இருக்காது.

அப்பா அடிக்கடி சொல்வார்: "தூர் ஏறுறது கண்ணுக்குத் தெரியாதும்மா. தெரியிறப்போ ஏரி பாதி போயிருக்கும்." அதை அப்படியே ஆட்டத்துக்குள் கொண்டுவர ஆசைப்பட்டேன். ஏரிச் செலவு தராத ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு புள்ளி தூர். மூன்று புள்ளி வரை எதுவும் தெரியாது. நான்காவதிலிருந்து ஒவ்வொரு புள்ளிக்கும் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு குறையும். கண்ணுக்குத் தெரியாதது என்பதால், விதித்தாளிலும் தெரியாமல் வைத்தேன். "ஏரிகளைப் பராமரிப்பது நல்லது" என்று ஒரே வரி.

சோழரை ஆடிய தம்பிக்கு ஆண்டுக்கு 140 பங்கு நெல். முதலிலிருந்தே அத்தனையையும் படையில் போட்டான். நான்காம் ஆண்டு 126 வந்தது. மழை குறைவு என்று நினைத்திருக்கிறான். ஐந்தாம் ஆண்டு 112. ஆறாம் ஆண்டு 98. அன்றைக்கு எனக்குப் போன் செய்தான். குரலை உயர்த்தவில்லை. "அக்கா, அண்ணாச்சிக்கு எழுதி வெச்ச விதி இருந்துச்சு. எனக்கு எழுதாத விதி இருக்கு. இது நியாயமா?"

எனக்குப் பதில் வரவில்லை. என் ஆட்டத்தில் நானே நீதிபதியாக இருக்க முடியாது என்பது மட்டும் புரிந்தது.

பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டியவை, குடவோலை முறையைச் சொல்கின்றன. நிற்பவருக்கு முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, வரி கட்டும் சொந்த நிலம், சொந்த மனை வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர், அவருடைய உறவினர் யாரும் நிற்கக் கூடாது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத சிறுவனை எடுக்கச் சொல்ல வேண்டும். தீர்ப்புச் சொல்ல மூன்று பேரைத் தேர்ந்தெடுக்க, வயது, நிலம், மனை விதிகளை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டேன். தீர்ப்பிலிருந்து சோழர் விலகினார், அந்த ஆண்டு அவரோடு பகையில் இருந்த இராட்டிரகூடரும் பாண்டியரும் விலகினார்கள். மிச்சம் நான்கு பெயர். அம்மாவின் பித்தளைக் குடத்தில் போட்டு, தங்கையின் ஆறு வயது மகனை எடுக்கச் சொல்லி, வீடியோவில் எல்லோரும் பார்க்க மூன்று சீட்டு எடுத்தோம். வேங்கி, கங்கர், ஈழம்.

இரண்டு நாள் பேசித் தீர்ப்பு எழுதினார்கள். ஏரியைத் தூர் வாராதது சோழர் குற்றம், தூர் அப்படியே இருக்கும். ஆனால் விதியை மறைத்தது நடத்துபவர் குற்றம். குறைந்துபோன 84 பங்கில் 42 திரும்பக் கொடுக்கப்பட வேண்டும். இனி எண்கள் அடங்கிய எந்த விதியும் மறைவில் இருக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமை 42 பங்கு அவன் கணக்கில் ஏறியது. தூர் விதியை முழுதாக எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன்.

நடுவர் எவ்வளவு தூரம் தன் மனப்படி தீர்ப்புச் சொல்லலாம் என்பது பழைய கேள்வி. 1824-இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் படைக்காகப் போர் ஆட்டம் வகுத்தபோது அட்டவணையும் பகடையும் வைத்தார். 1876-இல் வெர்டி து வெர்னுவா, அதெல்லாம் வேண்டாம், போரைக் கண்ட நடுவர் தீர்மானித்தால் போதும் என்றார். நான் அதுவரை வெர்டி பக்கம் சாய்ந்திருந்தேன். இப்போது, மண்ணும் தண்ணீரும் அட்டவணையில்தான் இருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். மனிதர்கள் ஒருவருக்கொருவர் எழுதும் கடிதத்துக்கு மட்டும் அட்டவணை போட முடியாது.

தம்பி ஆட்டத்தை விட்டுப் போகவில்லை. ஏழாம் ஆண்டு ஓலையில் ஏரிக்கு முப்பது பங்கு ஒதுக்கியிருந்தான். ஒன்பதாம் ஆண்டு காஞ்சிப் பக்கம் அடி வாங்கியபோதும் அதை நிறுத்தவில்லை. பதினான்காம் ஆண்டு முடியைத் தேடி ஈழத்துக்கே கப்பல் ஏறினான். அனுராதபுரத்தைப் பிடித்தான். அந்தப் பிள்ளை அதற்கு முந்தைய ஞாயிறே முடியை உரோகணத்துக்கு அனுப்பிவிட்டிருந்தாள்.

இருபதாம் ஆண்டோடு நிறுத்துவது என்று முதலிலேயே பேசியிருந்தோம். நிறுத்திய அன்று களஞ்சியத்தில் அதிக நெல் இருந்தது வேங்கியில், ஒரு போரும் போடாமல் ஆண்டுதோறும் ஏரிச் செலவு கொடுத்துவந்த நாட்டில். மதுரையில் அண்ணாச்சி இருந்தார், முடி இல்லாமல். ஏழு பேரில் ஒருவரும் பாதியில் போகவில்லை.

அடுத்த ஆட்டத்துக்கு 1070-ஐ எடுத்திருக்கிறேன். அதிராசேந்திரன் இறந்து, வேங்கிப் பிள்ளை குலோத்துங்கன் சோழ அரியணை ஏறிய ஆண்டு. வேங்கிக்கு இப்போதே மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், குடம்தான் போட வேண்டும். அண்ணாச்சி மட்டும் நேற்றுப் போன் செய்து, தனக்குப் பாண்டிய நாடே போதும் என்றார். முத்து விலையை எத்தனையாம் விதியில் போட்டிருக்கிறேன் என்று கேட்டார். விதி 9 என்றேன். எழுதிக்கொண்டார்.