முதலில் தராசு, அப்புறம் தலையங்கம்

எங்கள் மன்றத்தின் செய்திமடல் வேலை என் தலையில் விழுந்து மூன்று வருடம் ஆகிறது. ஒரு கூட்டத்தின் கடைசியில், எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், "உங்களுக்குத்தான் டைப்பிங் தெரியுமே" என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், நான் ஆசிரியர். வருடத்துக்கு நாலு இதழ், ஒவ்வொன்றும் இருநூறு பிரதிக்குக் கொஞ்சம் மேலே.

முதல் இதழில் நான் செய்த தப்பு, எழுத்திலிருந்து ஆரம்பித்ததுதான். கட்டுரை கேட்டேன், கேட்டதற்கு மேலேயே வந்தது, எதையும் தள்ள மனசில்லாமல் அடுக்கிப் பார்த்தால் 14 பக்கம். அச்சகத்தில் சிரித்துவிட்டார்கள். ஏ3 தாளை (இரண்டு ஏ4 அளவு) நடுவில் மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்தால் ஒரு தாளுக்கு நாலு பக்கம், ஆகவே மடல் 8, 12, 16 என்றுதான் வளரும். சரி, 16 ஆக்கிவிடலாம் என்று ஒரு குறுக்கெழுத்தும், யாரும் கேட்காத ஒரு தலையங்கமும் சேர்த்தேன். தபால் நிலையத்தில் எடை போட்டபோது ஒவ்வொரு பிரதியும் கட்டணத்துக்கான எடை வரம்பைக் கொஞ்சமே கொஞ்சம் தாண்டியிருந்தது. கொஞ்சம் தாண்டினாலும் அடுத்த கட்டணம்தான், அதுவும் இருநூறு தடவை. பொருளாளர் அன்று எதுவும் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

இதற்கான கணக்கு மிகவும் சுலபம், யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம். ஏ0 தாள் ஒரு சதுர மீட்டர். ஏ4 அதில் பதினாறில் ஒரு பங்கு. 80 ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம், ஆக ஒரு ஏ4 தாள் 5 கிராம், ஏ3 தாள் 10 கிராம். 12 பக்க மடல் 30 கிராம், 16 பக்கம் 40. இதோடு உறை, லேபிள், பின், எல்லாவற்றுக்கும் மேல் கடைசி நிமிடத்தில் பொருளாளரே நுழைக்கும் சந்தா நினைவூட்டுச் சீட்டு. பாதி ஏ4 அளவுச் சீட்டுக்கு இரண்டரை கிராம், பல தடவை வரம்பைத் தாண்ட வைப்பது அதுதான். இப்போதெல்லாம் தபால் வரம்பிலிருந்து பின்னோக்கி வருகிறேன். உறையையும் சீட்டையும் கழித்தால் எத்தனை தாள், அதில் எத்தனை பக்கம், அதற்கு எத்தனை கட்டுரை. அதே தாளில் ஒரு வெற்று மடலை மடித்து, உறையில் போட்டு, தராசில் வைத்துப் பார்த்த பிறகுதான் யாரிடமும் எழுத்து கேட்பது.

பக்க வடிவமைப்பில் தமிழுக்கென்று ஒரு தொல்லை உண்டு. இன்றைய கணினி எழுத்து முறையான யூனிகோடில், 'கெ' போன்றவற்றில் வரும் கொம்பு, மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது, அதை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. அந்த வசதியைத் தேர்ந்தெடுக்க மறந்தால் கொம்பெல்லாம் இடம் மாறி நிற்கும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து அனுப்பும் பெரியவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அதை யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருளில் போட்டு எடுத்தாலும் மேற்கோள் குறி எங்காவது வேறு எழுத்தாகியிருக்கும், அதனால் ப்ரூஃபைத் தாளில்தான் படிக்கிறேன், திரையில் பார்த்தால் கண் மன்னித்துவிடுகிறது. படங்களைப் பொறுத்தவரை ஒன்றே ஒன்று: 10 செ.மீ. அகலத்தில் அச்சிட வேண்டுமானால் கிட்டத்தட்ட 1,200 பிக்சல் வேண்டும், செய்திச் செயலியில் சுருங்கி வந்த குழுப் படம் போதாது. கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள்.

உண்மையான வேலை முகவரிப் பட்டியலில் இருக்கிறது. இதை யாரும் வேலையாகவே மதிப்பதில்லை. எனக்கு வந்த பட்டியலில் ஒரே மனிதர் இரண்டு தடவை இருந்தார், ஒரு இடத்தில் இனிஷியல் பெயருக்கு முன்னால், இன்னொரு இடத்தில் பின்னால். கணினிக்கு அவர் இரண்டு பேர். 5/12 என்ற கதவு எண்ணை விரிதாள் தேதி என்று எடுத்துக்கொண்டு டிசம்பர் 5 ஆக்கிவிட்டது, நானும் கவனிக்காமல் லேபிள் அடித்து ஒட்டி அனுப்பினேன். (அந்த மடல் போய்ச் சேர்ந்துவிட்டது. தபால்காரர்களை நான் அன்றிலிருந்து வேறு மாதிரி பார்க்கிறேன்.) விரிதாளில் கதவு எண் வரும் நெடுவரிசையை முதலிலேயே 'உரை' (Text) வகைக்கு மாற்றிவிட்டுத்தான் எண்ணைத் தட்ட வேண்டும். அப்புறம் கணவன், மனைவி இருவரும் உறுப்பினர்கள் என்றால் வீட்டுக்கு ஒன்றா, ஆளுக்கு ஒன்றா? வீட்டுக்கு ஒன்று என்று முடிவு செய்தோம். செலவு குறைந்தது, ஆனால் யார் பெயரை முதலில் போடுவது என்று ஒரு முழுக் கூட்டம் நடந்தது.

மடித்து ஒட்டும் மாலைக்கு நாலு பேர் போதும், ஆறு பேர் வந்தால் பேச்சுதான் நடக்கும். லேபிள்களை அஞ்சல் குறியீட்டு வரிசையில் அச்சிட்டால் கட்டுகளும் அதே வரிசையில் அமைந்துவிடும். ஒரு பிரதி என் முகவரிக்கே அனுப்பிக்கொள்வேன், எத்தனை நாளில் போய்ச் சேர்கிறது என்று தெரிய வேறு வழியில்லை.

உறையில் அனுப்புநர் முகவரியை மறக்கவே கூடாது. போன தடவை மூன்று பிரதிகள் திரும்பி வந்தன. அதில் ஒன்று, ஒரு இதழைக் கூட விடாமல் பிழை கண்டுபிடித்து எழுதும் பெரியவருடையது. மனசு திக்கென்றது. தயங்கித் தயங்கிப் போன் செய்தேன். மகள் வீட்டுக்கு மாறிவிட்டாராம், முகவரியைச் சொல்ல மறந்துவிட்டாராம். சொல்லி முடித்த கையோடு, "போன இதழில் ஏழாம் பக்கத்தில் ஒரு ஒற்று விட்டுப்போயிருக்கிறது" என்றார்.

அடுத்த இதழ் 12 பக்கம்தான். கவிதை அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.