வெண்பூச்சு லெக்கிதோஸ்: உள்கிண்ணமும் கறுப்பும்

கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் கல்லறையில் வைத்த எண்ணெய்க் குடுவை இது. வெள்ளைப் பூச்சின் மேல் கோட்டோவியம்: கிரேக்கப் புராணத்தில் இறந்தோரை மறுகரை சேர்க்கும் படகோட்டி காரோன், இறந்தவரை அவனிடம் கூட்டிவரும் தூதுக் கடவுள் ஹெர்மெஸ். இப்போது செய்வது 30 செ.மீ. உயரம்.

உடல், கழுத்து, வாய், அடி நான்கையும் தனித்தனியே வனைந்து, கீறினால் கோடு விழும் ஈரத்தில் ஒட்ட வேண்டும். கழுத்துக்கடியில் சின்னக் கிண்ணம் ஒன்று தொங்கும். கொஞ்சம் எண்ணெயிலேயே குடுவை நிறைந்ததுபோல் தெரிய அந்தக் காலத்துச் சிக்கனம்! கிண்ணத்துக்கு வெளியே அடைபடும் காற்றும் நீராவியும் போக, உடலில் 3 மி.மீ. துளை போடாவிட்டால் சூளையில் வெடிக்கும். பழைய குடுவைகளிலும் இந்தத் துளை உண்டு. கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணால் ஆன வெண்பூச்சையும் இதே ஈரத்தில் பூச வேண்டும். காய்ந்த மண்ணில் பூசினால் உரிந்துவிடும்.

தோள், அடி, கைப்பிடியின் கறுப்பு சாயமல்ல, இரும்புச்சத்துள்ள அதே களிமண்ணின் மிக நுண்ணிய பகுதி. 1 கிலோ மண்பொடி, 10 லிட்டர் மழைநீர், துகள்கள் ஒட்டிக்கொள்ளாதிருக்க 4 கிராம் சோடியம் ஹெக்ஸாமெட்டாபாஸ்பேட். 1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துகள் ஒரு நாளில் ஏறத்தாழ 7 செ.மீ. இறங்கும். ஆகவே 48 மணி நேரம் அசைக்காமல் வைத்து, மேலிருக்கும் 12 செ.மீ. நீரை மட்டும் குழாயால் இழுத்து, பாலேடு பதத்துக்கு வற்றவிட வேண்டும். அடிமண்டி துளி கலந்தாலும் பளபளப்பு போய்விடும்.

சூளையில் மூன்று கட்டம். காற்றோட்டத்தோடு 850 டிகிரி செல்சியஸ் வரை. பிறகு காற்றை அடைத்து, பச்சை விறகு போட்டுப் புகையில் 940 வரை. இங்கே எல்லாமே கறுக்கும், நுண்களிமண் பூச்சு மட்டும் உருகி இறுகும். 870க்கு இறங்கியதும் காற்றைத் திறந்தால், நுண்துளை கொண்ட உடல் சிவப்பாகத் திரும்பும். இறுகிய பூச்சுக்குள் ஆக்சிஜன் நுழையாததால் கறுப்பு நிற்கும்.

பூச்சும் சிவந்தால் சூடு போதவில்லை, அல்லது பூச்சு மெல்லியது. உடல் சாம்பல் நிறத்திலேயே நின்றால் சூடு மிஞ்சி உடலும் இறுகிவிட்டது, அல்லது காற்றைத் தாமதமாகத் திறந்தாயிற்று. சூளையின் வெப்பமானியான பைரோமீட்டரை மட்டும் நம்பக் கூடாது. பூச்சு தடவிய சோதனை வளையம் ஒன்றைக் கம்பியில் கோத்து வெளியே இழுத்துப் பார்ப்பதே உறுதி.

காரோன் உருவத்தின் கோடுகளுக்கு அதே நுண்களிமண்ணை நீர்த்து வரைந்தால் பொன்பழுப்பாக வரும். ஆடைக்கான எகிப்திய நீலம் என்ற நிறமி, குடுவையைச் சுட்ட பிறகு பசையோடு பூசுவது. ஈரத்துணி படக் கூடாது, காய்ந்த தூரிகையால் தூசி தட்டினால் போதும்.