பென்டிரைவில் வராத மிருதங்கம்

சவுண்ட் இன்ஜினியரிங் டிப்ளமோவில் முதல் பிராக்டிகல். வீட்டில் பதிவு செய்த பாட்டைத் தேர்வு அறைக் கணினியில் திறந்து மிக்ஸ் செய்து காட்ட வேண்டும். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ப்ராஜெக்ட் திறந்தது. வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கத்தின் இரு பக்கங்களான வலந்தலை, தொப்பி என்று ட்ராக்குகள் வரிசையாக நின்றன. ப்ளேயை அழுத்தினேன், சத்தமே இல்லை.

நான் பென்டிரைவில் கொண்டுபோனது சில நூறு கேபி உள்ள ப்ராஜெக்ட் கோப்பு மட்டும். அதற்குள் ஒலி கிடையாது. எந்த வேவ் கோப்பு எங்கே இருக்கிறது, எங்கே வெட்டினோம் என்ற விவரம்தான். வேவ் எல்லாம் வீட்டு லேப்டாப்பில் பத்திரமாக இருந்தன! 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மோனோ ட்ராக் நிமிடத்துக்கு 8.64 எம்பி. இந்தக் கணக்கு தெரிந்திருந்தால் கோப்பின் அளவைப் பார்த்ததுமே உறைத்திருக்கும்.

ரீப்பரில் 'சேவ் ஆஸ்' பெட்டியிலேயே மீடியாவையும் சேர்த்து காப்பி செய்யும் டிக் இருக்கிறது. ப்ரோ டூல்ஸ் மென்பொருளில் அதற்கு 'சேவ் காப்பி இன்'. அதோடு விடாதீர்கள். லேப்டாப்பில் உள்ள மூல ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு, பென்டிரைவிலிருந்து திறந்து பாருங்கள். மாற்றாவிட்டால் கணினி பழைய இடத்திலிருந்தே கோப்பை எடுத்து உங்களை ஏமாற்றும். ட்ராக்குக்குப் பெயரைப் பதிவுக்கு முன்பே வையுங்கள். கோப்புக்கும் அதே பெயர் வரும்.

வைவாவில் பஃபர் கேள்வி வந்தது. கணினி ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிளைச் சேர்த்து வைத்து அனுப்புகிறது என்பதுதான் பஃபர்; அது கூடினால் தாமதமும் கூடும். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் என்றால் சுமார் 2.7 மில்லிசெகண்ட் தாமதம், 1024 என்றால் 21. பாடுபவர் ஹெட்போனில் தன் குரலைக் கேட்கும்போது குறைவாக வையுங்கள், மிக்ஸிங்கில் ஏற்றிக்கொள்ளலாம். குறைத்ததும் 'டிக் டிக்' என்று கேட்டால் வைஃபை, கிளவுட் சிங்க் இரண்டையும் அணைத்துவிட்டு, பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் போடுங்கள். சார்ஜரால் வரும் இரைச்சலுக்குப் பயந்து அதைக் கழற்றுகிறவர்கள் உண்டு, நானும் செய்திருக்கிறேன். இரைச்சல் போகும், பேட்டரியில் ப்ராசஸர் வேகம் குறைந்து க்ளிக் வரும். எர்த் சரியாக உள்ள மூன்று பின் ப்ளக்கைத் தேடுவதே மேல்.

என்னோடு எழுதிய நண்பனுக்கு வேறு கதை. 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவான தம்புராவை 48 கிலோஹெர்ட்ஸ் செஷனுக்குள் (ப்ராஜெக்டுக்குள்) கன்வர்ட் செய்யாமல் இழுத்துப் போட்டான். சுருதி கிட்டத்தட்ட முக்கால் கட்டை மேலே ஏறிவிட்டது. பாடகரைத்தான் முதலில் சந்தேகப்பட்டான்.

எனக்கு அந்தக் கணினியில் இருந்த ஏதோ ஒரு டெமோ செஷனைக் கொடுத்து மிக்ஸ் செய்யச் சொன்னார்கள். பதிவுக்கான மதிப்பெண் போனது போனதுதான்.