அல்ஃபா ரோமியோ 4சி: கார்பன் கூட்டில் கண்ட மூன்று தடங்கள்

நான் வாங்கிய 2015ஆம் ஆண்டு அல்ஃபா ரோமியோ 4சி காரின் கதவைத் திறந்தால், தாண்டி ஏறும் அகன்ற விளிம்பில் கார்பன் ஃபைபரின் பின்னல் கண்ணுக்குத் தெரியும். அந்த விளிம்பு, பயணிகள் அமரும் கார்பன் நடுக்கூட்டின் ஒரு பகுதி. முன்னும் பின்னும் அலுமினியச் சட்டங்கள் பூட்டப்பட்டுள்ள அந்தக் கூட்டின் எடை 65 கிலோதான். ஆயினும் பயணிகளின் பாதுகாப்பு பெரிதும் அதைச் சார்ந்திருப்பதால், அதில் மூன்று தடங்களைக் கண்டதும் என்னால் அவற்றை ஒதுக்கிவிட முடியவில்லை. முதலாவது, காலணி உரசி வெளுத்த கீறல்கள். இரண்டாவது, விளிம்பு வளையும் மூலையில் மயிரிழை போன்ற கோடு. மூன்றாவது, கீழ்ப்புறத்தில், ஜாக் வைக்கும் இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, நாணய அளவில் பளபளப்பு மங்கிய இடம். பார்வைக்கு முதலாவதுதான் மிக மோசமாக இருந்தது.

காரில் கை வைக்கும் முன், எட்டு அடுக்குக் கார்பன் துணியை, இறுகிக் கெட்டியாகும் எபாக்சி ரெசினில் தோய்த்து, வெற்றிடப் பையில் இறுகவிட்டு, ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு தகடுகள் செய்தேன். ஒன்றைத் திருப்புளியால் ஆழமாகக் கீறினேன். மற்றொன்றை மரச்சட்டத்தில் இறுக்கி, உருண்டை முனை கொண்ட ஒரு கிலோ இரும்புத் தண்டை 70 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டேன். அதாவது, சுமார் 7 ஜூல் ஆற்றல். கீறிய தகட்டை நாணயத்தால் தட்டியபோது எங்கும் ஒரே கணீரென்ற ஒலிதான் எழுந்தது. அடிவாங்கிய தகட்டின் மேற்புறத்தில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மட்டுமே தெரியும் சிறு மங்கல் இருந்தது. ஆனால் அவ்விடத்தில் ஒலி மொத்தென்று கேட்டது. திருப்பிப் பார்த்தால் அடிப்புற இழைகள் சிலுவை வடிவில் பிளந்திருந்தன.

இரும்பும் அலுமினியமும் அடிவாங்கினால் நசுங்கி, அந்த நசுங்கலே சாட்சியாக நிற்கும். கார்பன் தகடோ வளைந்து பழைய வடிவுக்கே மீண்டுவிடும். அந்தக் கணத்தில் உள்ளே அடுக்குகளுக்கு இடையிலுள்ள ரெசின் விலகி, சேதம் மேலிருந்து கீழாக விரிந்துகொண்டே போகும். கீறலோ வெளிப்பரப்பில் தொடங்கி உள்ளே இறங்குவது, அதனால் கண்ணுக்குத் தெரியும். இழையை எட்டாதவரை அது கிளியர் கோட் எனும் நிறமற்ற மேற்பூச்சின் பிரச்சினை மட்டுமே.

பிறகு காருக்கு வந்தேன். முதல் தடத்தைத் துடைத்து உருப்பெருக்கியால் பார்த்ததில், எந்தக் கீறலும் பின்னலைத் தொடவில்லை, ஒலியும் மாறவில்லை. இரண்டாவது தடத்தில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தடவினேன். சுற்றுப்புறம் உலர்ந்த பின்னும் ஈரம் ஒரு கருங்கோடாக எஞ்சியதால், அது விரிசல்தான் என்று உறுதியாயிற்று. நனைத்த 2000 எண் உப்புத்தாளால் கிளியர் கோட்டின் அளவுக்குள்ளேயே மெதுவாகத் தேய்த்தபோது, இழையை எட்டும் முன்பே கோடு மறைந்தது. அந்த மூலையில் பின்னல் சற்றுச் சாய்ந்திருப்பது வார்ப்பில் துணியைப் படியவைத்தபோது நேர்ந்தது. அதைச் சேதமென்று எண்ணி நான் ஒரு மாலை முழுவதும் வீணாகக் கவலைப்பட்டேன்.

மூன்றாவது தடத்தில் ஒலி மங்கியது. இருப்பினும், தடிமன் மாறும் இடத்திலும் உட்புறம் ஒட்டுள்ள இடத்திலும் ஒலி தானாகவே மாறும் என்பதால், நாணயத்தை மட்டும் நம்ப எனக்கு மனமில்லை. காரின் மறுபக்கத்தில் அதே இடத்தைத் தட்டிப் பார்த்தேன். அங்கே ஒலி தெளிவாக இருந்தது. இந்த ஒப்பீடுதான், காதுக்கு எட்டாத ஒலியை உள்ளே செலுத்தி எதிரொலியைப் பார்க்கும் மீயொலிச் சோதனைக்கு என்னை அனுப்பியது. அச்சோதனையில், மங்கிய இடத்தில் மறுபரப்பிலிருந்து வரவேண்டிய எதிரொலிக்கு முன்பாகவே, தடிமனின் நடுவிலிருந்து ஓர் எதிரொலி திரும்பியது. அடுக்குகள் பிரிந்திருந்ததாகச் சோதித்தவர் வரைந்து காட்டிய பகுதியின் அகலம் சுமார் 4 சென்டிமீட்டர். வெளியே தெரிந்த மங்கலைவிட அது பெரியது. தவறான இடத்தில் ஜாக் வைத்துத் தூக்கியதால் நேர்ந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

கார் இப்போது ஓடாமல் நிற்கிறது. பிரிந்த அடுக்குகளைப் படிப்படியாகத் தேய்த்தெடுத்து, அதே இழைத்திசையில் புதிய அடுக்குகளைப் பதிக்கும் வேலையை, கார்பன் ஃபைபர் போன்ற கூட்டுப்பொருள்களைப் பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைத்திருக்கிறேன். அது முடிந்ததும் அதே இடத்தில் மீண்டும் மீயொலிச் சோதனை செய்யப்படும். காலணிக் கீறல்களை அப்படியே விட்டுவிட்டேன்.