சரிவு நிலமும் புதர் வெட்டும் இயந்திரமும்

ஒடுகத்தூர்ப் பக்கம் ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள எங்கள் மேட்டு நிலத்தில் உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் மண்டிவிட்டதால், பின்னால் நடந்தபடி இயக்கும் சக்கரம் வைத்த பிரஷ் கட்டரை வாடகைக்கு எடுத்துள்ளோம். சரிவில் இதனை மேலும் கீழுமாக ஓட்டாமல் குறுக்காகவே ஓட்ட வேண்டும். ஏறும்போது கால் வழுக்கினால் இயந்திரம் நம் மேலேயே வந்துவிடும். சரிவு மிகுந்தால் எஞ்சினுக்குள் எண்ணெய் ஒரு பக்கமாக ஒதுங்கி, உராயும் பாகங்களுக்கு எட்டாமல் போகக்கூடும் என்பதால், அத்தகைய இடங்களை அரிவாளுக்கே விட்டுவிட்டோம். ஓட்டுவதற்கு முன் தடியால் தட்டிக்கொண்டே நடந்து கல், முள்கம்பி, பழைய கட்டை ஆகியவற்றை அகற்றிவிடுவது அவசியம் (பாம்பும் விலகிவிடும்). ஆனால் உண்ணிச்செடி அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் ஆதலால், ஐப்பசி மழைக்கு முன்பே கடப்பாரையால் வேரைப் பெயர்க்க ஆள் தேட வேண்டும். அந்தக் கூலி இயந்திர வாடகையை மிஞ்சிவிடும் போலிருக்கிறது.