ஒரே ஒரு நிலநடுக்கமானியை வைத்து மேலோட்டின் தடிமனை அளப்பது

கோலா தீபகற்பத்தில் போட்ட துளை 1989-இல் 12,262 மீட்டரை எட்டியது. செங்குத்து ஆழத்தில் இன்றுவரை அதை மிஞ்சிய துளை இல்லை. அதுவும் அங்குள்ள மேலோட்டில் பாதி வழிகூடப் போகவில்லை. மேலோடு எங்கே முடிந்து கவசம் எங்கே தொடங்குகிறது என்பதைத் துரப்பணத்தால் யாரும் தொட்டுப் பார்த்ததில்லை. ஆனால் அப்படியோர் எல்லை இருப்பது 1909-லேயே தெரிந்துவிட்டது. குரோஷியாவின் குப்பா பள்ளத்தாக்கில் அந்த அக்டோபரில் வந்த நிலநடுக்கத்தின் பதிவுகளில் பி அலை (முதலில் வந்து சேரும் வேகமான அழுத்த அலை) இரண்டு தடவை வந்திருப்பதை நிலநடுக்கவியலாளர் மோஹோரோவிசிக் கவனித்தார். ஒன்று மேலோட்டின் வழியாகவே வந்தது. மற்றொன்று கீழே வேகமான பாறைக்குள் இறங்கி ஓடி வந்தது. அவர் கணக்கிட்ட எல்லை 54 கி.மீ. ஆழத்தில் இருந்தது.

அவருக்குப் பல நிலையங்களின் பதிவுகள் தேவைப்பட்டன. இன்று மூன்று திசைகளிலும் அளக்கும் ஒரே ஒரு பிராட்பேண்ட் கருவி (வேகமான அதிர்வு, மெதுவான அதிர்வு இரண்டையும் பதியும் நிலநடுக்கமானி) போதும். ஓரிரு ஆண்டு பொறுமையும் வேண்டும். முறையின் பெயர் ரிசீவர் ஃபங்ஷன். இதில் ஓர் ஆபத்து உண்டு: எந்தத் தரவைக் கொடுத்தாலும் மென்பொருள் ஓர் எண்ணைத் துப்பிவிடும். அந்த எண்ணை எப்போது நம்பலாம் என்பதற்குத்தான் இந்தப் பதிவில் பெரும்பகுதி.

அடிப்படை எளிது. தொலைவில் நடந்த நிலநடுக்கத்தின் பி அலை கவசத்திலிருந்து ஏறக்குறைய செங்குத்தாக மேலே வருகிறது. மோஹோ எல்லையை, அதாவது மோஹோரோவிசிக் கண்ட அந்த எல்லையை, கடக்கும்போது அதில் ஒரு சிறு பங்கு எஸ் அலையாக (குறுக்காக அதிரும் மெதுவான அலை) மாறுகிறது. மேலோட்டில் பி அலை நொடிக்கு 6.3 கி.மீ. ஓடினால் எஸ் அலை 3.6 கி.மீ.தான் ஓடும். ஒரே இடத்தில் ஒன்றாகப் புறப்பட்ட இரண்டும் மேற்பரப்பில் சில நொடி இடைவெளியில் வந்து சேர்கின்றன. மின்னலுக்கும் இடிக்கும் நடுவிலுள்ள நேரத்தை எண்ணித் தொலைவைச் சொல்வது போலத்தான். இங்கே தொலைவு காலுக்குக் கீழே.

மாறி வந்த எஸ் அலையைத் தனியாகப் பார்ப்பதுதான் கடினம். நிலநடுக்கம் ஒரு நொடியில் முடிவதில்லை. பத்து இருபது நொடி நீளும் குழப்பமான அதிர்வாக வருகிறது. சிறிய எஸ் அலை அதற்குள் புதைந்துவிடும். செங்குத்து பாகத்தில் பெரும்பாலும் பி அலை மட்டும் பதிவாகிறது. கிடைமட்ட பாகத்தில் மாறிய எஸ் அலையும் சேர்ந்து பதிவாகிறது. நிலநடுக்கத்தின் வடிவம் இரண்டிலும் பொது. கிடைமட்டத்திலிருந்து செங்குத்தை டீகன்வல்யூஷன் மூலம் ‘வகுத்துவிட்டால்’ அந்தப் பொது வடிவம் அடிபட்டுப் போகும். கருவிக்குக் கீழே உள்ள கட்டமைப்பின் தடம் மட்டும் மிஞ்சும்.

இதில் ஒரு வசதி பலருக்குப் புலப்படுவதில்லை. ஜி.பி.எஸ். இணைப்பு அறுந்து கருவியின் கடிகாரம் இரண்டு மூன்று நொடி தவறினாலும் முடிவு கெடாது. எல்லா நேரங்களும் அதே பதிவிலுள்ள பி அலையிலிருந்துதான் அளக்கப்படுகின்றன. மூன்று சேனல்களும் ஒரே மாதிரியானவை என்றால் கருவியின் ரெஸ்பான்ஸும் தானே அடிபட்டுவிடும். பயண நேரங்களை வைத்து டோமோகிராஃபி (பூமியின் உட்புறத்தைப் படமாக்குவது) செய்பவர்கள் தூக்கி எறியும் பதிவுகள் இங்கே பயன்படும். மாறாக, ஒரே ஒரு கிடைமட்ட சேனலின் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) பழுதானால் டோமோகிராஃபிக்குப் பெரிதாகத் தெரியாது. நமக்கு எல்லாம் போச்சு.

எடுக்க வேண்டிய நிலநடுக்கங்கள்: அளவு 5.5-க்கு மேல், கோணத் தொலைவு (பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் நிலநடுக்கத்துக்கும் நிலையத்துக்கும் இடையிலுள்ள கோணம்) 30 முதல் 90 பாகை வரை. 30-க்குக் கீழே போனால் கவசத்துக்குள் 410, 660 கி.மீ. ஆழத்திலுள்ள எல்லைகளில் வளைந்த கதிர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து பி அலையே பலவாகப் பிளந்து நிற்கும். 90-ஐத் தாண்டினால் கதிர் கருவத்தின் விளிம்பை நெருங்குகிறது. கொஞ்ச தூரத்தில் விளிம்பைத் தழுவி வரும் மங்கலான அலைதான் கிடைக்கும். இந்த வளையம் உலகப் பரப்பில் சுமார் 43 சதவீதம். ஆண்டுக்குச் சில நூறு நிலநடுக்கங்கள் தகுதி பெறும். இரைச்சலைக் கழித்தால் நல்லவை முப்பது நாற்பது தேறும். எண்ணிக்கையைவிடத் திசைப் பரவல் முக்கியம். ஒரே தீவு வளைவிலிருந்து வந்த நாற்பதைவிட நான்கு திசைகளிலிருந்து வந்த பதினைந்து மேல்.

பி அலைக்கு முன் 30 நொடி, பின் 90 நொடி என்று வெட்டிக்கொள்ளுங்கள். சராசரியையும் சாய்வையும் நீக்கி, முனைகளுக்கு 5 சதவீத டேப்பர் போட்டு (படிப்படியாகப் பூஜ்யத்துக்கு இறக்கி), 0.05 முதல் 2 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டினால் போதும். மூன்று சேனல்களுக்கும் ஒரே ஃபில்டர் என்பதைக் கவனியுங்கள். 30 பாகைத் தொலைவில், வழியில் ஒருமுறை மேற்பரப்பில் பட்டுத் திரும்பிய பிபி அலை சுமார் ஒரு நிமிடத்தில் வந்துவிடும். அதன் சாய்வு வேறு என்பதால் டீகன்வல்யூஷன் அதைச் சரியாக நீக்காது. கிட்டத்து நிகழ்வுகளுக்கு வெட்டும் நீளத்தைக் குறையுங்கள்.

அடுத்தது சுழற்றுதல். வடக்கு, கிழக்கு பாகங்களை, நிலநடுக்கத்திலிருந்து நிலையத்துக்கு வரும் கோட்டின் திசைக்கும் (ஆரத்திசை) அதற்குக் குறுக்காகவும் திருப்ப வேண்டும். அதிகம் தப்பு நடக்கும் இடம் இது. முதல் முகடு கீழ்நோக்கி வந்தால் 180 பாகை விட்டுப்போயிருக்கும், இல்லையென்றால் ஒரு சேனலின் குறி தலைகீழாக இருக்கும். அது கண்ணில் பட்டுவிடும். படாதது, கருவியையே கோணலாகப் புதைத்திருப்பது. காந்த ஊசியைப் பார்த்து வடக்கு குறித்துவிட்டு, காந்த விலக்கத்தைக் கழிக்க மறந்த நிலையங்கள் உலகெங்கும் உண்டு. 10 பாகை பிசகினால் ஆரத்திசை வீச்சில் 17 சதவீதம் குறுக்குப் பாகத்துக்குக் கசியும். பிறகு அதைப் பார்த்து ‘கீழே பாறைப் படிவம் சாய்ந்திருக்கிறது’ என்று கட்டுரை எழுதலாம்! சோதனை எளிது: பூஜ்ய நொடியில் (பி அலை வரும் நேரத்தில்) குறுக்குப் பாகத்தில் எதுவும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு நிகழ்வுக்கும் எந்தக் கோணத்தில் திருப்பினால் அது மறைகிறது என்று தேடுங்கள். எல்லாத் திசை நிகழ்வுகளும் ஒரே கோணத்தைச் சொன்னால் குற்றம் கருவியுடையது. திசைக்குத் திசை மாறினால் பூமியுடையது.

டீகன்வல்யூஷனை அதிர்வெண் தளத்தில் நேரடி வகுத்தலாகச் செய்தால், செங்குத்து பாகத்தில் ஆற்றல் இல்லாத இடங்களில் கிட்டத்தட்ட பூஜ்யத்தால் வகுக்க நேரும், இரைச்சல் வீங்கிவிடும். அதைத் தடுக்க வாட்டர் லெவல் என்ற குறைந்தபட்ச மதிப்பு வைப்பார்கள். நேரத் தளத்தில் ஒவ்வொரு முகடாகச் சேர்த்துக்கொண்டே போகும் இட்டரேட்டிவ் முறை இதைவிட மேல் என்பது என் கணிப்பு. 200 சுற்று ஓடவிட்டு, கிடைத்ததைச் செங்குத்தோடு மறுபடி பெருக்கிச் சேர்த்தால் அசல் ஆரத்திசைப் பதிவில் 80 சதவீதமாவது திரும்பி வர வேண்டும். வராதவற்றை யோசிக்காமல் விட்டுவிடலாம்.

வேகமான அதிர்வுகளை வெட்டி முகடுகளை மென்மையாக்கும் காஸியன் ஃபில்டரின் அகலமும் உங்கள் கையில்தான் இருக்கிறது. மதிப்பு 2.5 என்றால் சுமார் 1.2 ஹெர்ட்ஸ் வரை உயிர் இருக்கும். ஒரு முகட்டின் அகலம் ஏறத்தாழ 0.67 நொடி. ஐந்து கி.மீ.க்குள் நெருங்கி நிற்கும் இரண்டு எல்லைகள் ஒரே முகடாக ஒட்டிக்கொள்ளும். மதிப்பு 1 என்றால் அகலம் 1.67 நொடி. படம் அழகாகும், விவரம் போய்விடும். இரண்டிலும் செய்து பாருங்கள். 2.5-இல் மட்டும் தெரிந்து 1-இல் காணாமல் போகும் முகடு மெல்லிய அடுக்காக இருக்கலாம், இரைச்சலாகவும் இருக்கலாம். 1-இல் பெரிதாகவும் 2.5-இல் சோர்ந்தும் தெரிவது கூர்மையில்லாத, படிப்படியாக மாறும் எல்லை.

இனி கணக்கு. பி வேகம் 6.3, பி-எஸ் வேக விகிதம் 1.75, தடிமன் 35 கி.மீ., ரே பாராமீட்டர் (அலை எவ்வளவு சாய்ந்து வருகிறது என்பதன் அளவு, கி.மீ.க்கு இத்தனை நொடி) 0.06 என்று வைத்தால், மோஹோவில் மாறிய முதல் எஸ் அலை பி-க்குப் பின் 4.35 நொடியில் வரும். மேற்பரப்பில் பட்டு, கீழே மோஹோ வரை பி-யாகப் போய், எஸ்-ஆகத் திரும்பும் எதிரொலி 14.6 நொடியில் வரும். எஸ்-ஆக இரண்டு தடவை மேலோட்டைக் கடக்கும் மூன்றாவது அலை 19.0 நொடியில், குறி மாறி, பள்ளமாக வரும்.

முதல் முகட்டை மட்டும் வைத்துத் தடிமன் சொல்வது ஏன் தவறு என்பதை ஓர் எண்ணே காட்டிவிடும். அதே 4.35 நொடிக்கு விகிதத்தை 1.75-இலிருந்து 1.85 ஆக்குங்கள்: தடிமன் 35-இலிருந்து 31-க்கு இறங்கிவிடுகிறது. நான்கு கி.மீ.! எனவே மூன்று அலைகளையும் சேர்த்து, எந்தத் தடிமன்-விகித ஜோடியில் மூன்றும் ஒத்துப்போகின்றன என்று கட்டம் கட்டமாகத் தேட வேண்டும். நிலநடுக்கவியலாளர்கள் சூ, கானமோரி 2000-இல் முன்வைத்த எச்-கப்பா ஸ்டாக்கிங் இதுதான் (எச் என்பது தடிமன், கப்பா என்பது வேக விகிதம்). மூன்று அலைகளுக்கும் கொடுக்கும் எடைகள் வழக்கமாக 0.7, 0.2, 0.1. எதிரொலி தெளிவாக இல்லாத நிலையத்திலும் அந்த எடைகளை அப்படியே விட்டால், முதல் முகடே எல்லாவற்றையும் தீர்மானிக்கும். படத்தில் வட்டமான உச்சிக்குப் பதில் நீண்டு சரியும் வரப்பு போல ஒன்று வரும். வரப்பின் மேல் எந்தப் புள்ளியையும் விடையென்று சொல்லலாம். அப்படி வந்தால் சொல்லாமல் இருப்பதே நேர்மை.

பூட்ஸ்ட்ராப் செய்து (நிகழ்வுகளை மாற்றி மாற்றித் தேர்ந்து கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டு) ±0.3 கி.மீ. என்று பிழை போடுவதிலும் ஒரு ஏமாற்று உண்டு. அது தரவின் சிதறல் மட்டுமே. எடுத்துக்கொண்ட பி வேகம் 6.3-க்குப் பதில் 6.5 என்றால், தடிமன் ஒரு கி.மீ. கூடும், அது அந்தப் பிழைக்குள் வராது. அருகில் வெடிவைத்து அளந்த ஆய்வு இருந்தால் வேகத்தை அதிலிருந்து எடுங்கள். இன்னொன்று: கிடைக்கும் தடிமன் கருவி நிற்கும் தரையிலிருந்து அளந்தது. 4,500 மீட்டர் உயரப் பீடபூமியில் நிற்கும் நிலையத்தின் எண்ணைக் கடல்மட்ட ஆழத்தோடு ஒப்பிடுவது வாடிக்கையான பிழை.

வந்த முகடு உண்மையிலேயே மோஹோவா, வேறு எதன் எதிரொலியா? இதற்கு நல்ல சோதனை, நிகழ்வுகளைத் தொலைவு வாரியாக அடுக்குவது. 90 பாகையில் ரே பாராமீட்டர் ஏறத்தாழ 0.04, 30 பாகையில் 0.08. மேற்சொன்ன மாதிரியில் நேரடி மாற்ற அலை 4.24-இலிருந்து 4.51 நொடிக்குத் தள்ளிப்போகும். முதல் எதிரொலி 15.0-இலிருந்து 14.1-க்கு முந்தி வரும். எதிரெதிர்த் திசையில் சாய்வதால் எது எது என்று பிரித்துவிடலாம். ஒரே தொலைவிலுள்ள நிகழ்வுகளை மட்டும் சேர்த்தவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

எல்லாவற்றையும்விட மோசமான தொல்லை மென்மையான வண்டல். கருவிக்குக் கீழே 500 மீட்டர் வண்டல், அதில் எஸ் வேகம் நொடிக்கு 0.5 கி.மீ., பி வேகம் 1.8 என்று வையுங்கள். வண்டலின் அடியில் மாறிய எஸ் அலை 0.7 நொடியில் பெரிய முகடாக வரும். பூஜ்யத்தில் இருக்க வேண்டிய முகடு நகர்ந்துவிட்டது போலத் தெரியும். அந்த எஸ் அலை வண்டலுக்குள் மேலும் கீழும் போய்வர 2 நொடி ஆகும், ஒவ்வொரு முறையும் குறி மாறும். ஆக 2.7-இல் பள்ளம், 4.7-இல் முகடு. 4.7 நொடி என்பது 38 கி.மீ. மோஹோ வர வேண்டிய அதே இடம்! கண்டத்தின் நடுவிலுள்ள வண்டல் படுகைகளில் ‘மிகத் தெளிவான மோஹோ’ கிடைத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ரிசீவர் ஃபங்ஷனின் ஆட்டோகோரிலேஷனை (பதிவை நேரத்தில் நகர்த்தி அதனோடே ஒப்பிடுவது) எடுத்தால் முதல் பள்ளம் அந்த 2 நொடியில் ஆழமாக நிற்கும். அதன் நேரத்தையும் வலிமையையும் கொண்டு அதிர்வை நீக்கும் ஃபில்டர் அமைக்கலாம். நீக்கிய பிறகும் மோஹோ அலை வண்டலில் தாமதமானதைக் கழிக்க வேண்டும். இந்த மாதிரியில் சுமார் 0.66 நொடி, அதாவது 5 கி.மீ. பனிப்படலத்தின் மேல் நிற்கும் நிலையங்களுக்கும் இதே நோய்.

கிடைத்த பி-எஸ் வேக விகிதம் 1.70 பக்கம் என்றால் குவார்ட்ஸ் மிகுந்த கிரானைட் வகை மேலோடு, 1.80-க்கு மேல் இரும்பு, மெக்னீசியம் கூடிய பாறை. 1.9-ஐத் தாண்டினால் உருகிய பாறை என்று எழுதக் கை துறுதுறுக்கும். முந்தைய பத்தியை மறுபடி படித்துவிட்டு எழுதுங்கள்.

இதே பதிவை இன்னும் நீளமாக வெட்டி, காஸியனைக் குறைத்தால் 44 நொடியில் 410 கி.மீ. எல்லையும் 68 நொடியில் 660 கி.மீ. எல்லையும் தெரியும். ஒரு நிலையத்துக்கு நூறு நிகழ்வாவது சேர்க்க வேண்டும், அவ்வளவு மெல்லியவை. இடைவெளியான 24 நொடியைப் பார்ப்பதே பாதுகாப்பு. மேலே உள்ள வேகப் பிழைகள் இரண்டுக்கும் பொதுவாக அடிபடும். குளிர்ந்த தட்டு அமிழும் இடத்தில் இடைவெளி கூடும்.

ஒற்றை நிலையம் என்பதன் உச்சம் செவ்வாய். 2018 நவம்பரில் அங்கே இறங்கிய நாசாவின் இன்சைட் கலத்தின் ஒரே நிலநடுக்கமானியில் 2.4, 4.8, 7.2 நொடிகளில் மூன்று அலைகள் தெரிந்தன. மூன்றாவது, ஆழத்து எல்லையில் மாறிய நேரடி அலையா, மேலடுக்கின் எதிரொலியா? எதிரொலி என்றால் மேலோடு 20 கி.மீ. நேரடி அலை என்றால் 39. பயன்படுத்தக்கூடிய நடுக்கங்கள் கைவிரல்களுக்குள் அடங்கின. தொலைவு வாரியாக அடுக்கிப் பார்க்க அவை போதவில்லை. 2021-இல் முடிவை வெளியிட்டபோது இரண்டு எண்களையும் சேர்த்தே அச்சிட்டார்கள்.